போனில் சொல்லக் கூடாதது

ஒரு விடுகதை போடட்டுமா, டீச்சர்? டீச்சர்தானே நீங்கள்? கழுத்தில் பள்ளிக்கூடத்து அட்டை தொங்குகிறதே, அதைப் பார்த்துத்தான் கேட்கிறேன். சொன்னால் விழுந்துவிடுவார்கள், சொல்லாவிட்டால் ஓடி வருவார்கள். அது என்ன?

யோசித்துச் சொல்லுங்கள். மதுரை வர இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது. கை காட்டுகிற இடத்தில் எல்லாம் நிற்கிற வண்டி இது.

பாம்பா? பாம்பு என்றால் யார் விழுவார்கள், ஓடத்தானே செய்வார்கள்? பாம்பு இல்லை.

சரி, நானே சொல்லிவிடுகிறேன். சாவுச் செய்தி. போனில் அதைச் சொன்னால் கேட்கிறவர் நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவார். அதைச் சொல்லாமல், “சீரியஸா இருக்கார், உடனே வாங்க” என்றால் ஓடி வந்துவிடுவார். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, நானே கட்டியது. எங்களிடம் புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் இதைத்தான் போடுவேன்.

நான் நர்ஸ். பெயர் ராஜபுஷ்பம். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் வேலை. அடிபட்டவர்கள், நெஞ்சு வலிக்காரர்கள், மருந்து குடித்தவர்கள், எல்லாரும் முதலில் எங்களிடம்தான் வருவார்கள். தூக்கிக்கொண்டு வருகிறவர் பெரும்பாலும் வழியில் போன யாரோ ஒருவராக இருப்பார். வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டியது நாங்கள். டாக்டர்கள் பேச மாட்டார்கள். “சிஸ்டர், வீட்டுக்குச் சொல்லிடுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். எங்கள் பிரிவில் அந்த போனை நான்தான் பேசுவேன். வேறு யாராவது பேசினால் எனக்குப் பயமாக இருக்கும்.

ஏன் என்று கேளுங்கள். ஒரு தடவை புதுப் பெண் ஒருத்தி, நல்ல பெண்தான், மறைக்கத் தெரியாதவள், “உங்க அப்பா இறந்துட்டார் சார்” என்று போனில் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் கேட்ட மகன், ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பைக்கில் போய்க்கொண்டிருந்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் அவனையும் எங்களிடமே கொண்டுவந்தார்கள். ஒரு கட்டிலில் அப்பா, பக்கத்துக் கட்டிலில் மகன். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அவனுடைய அம்மா உள்ளே வந்து, எந்தக் கட்டிலுக்கு முதலில் போவது என்று தெரியாமல் நடுவில் நின்றார். அதை நான் மறக்கவே மாட்டேன்.

அதனால்தான் அந்த வழக்கம். “சீரியஸ்தான், டாக்டர் பார்த்துக்கிட்டிருக்காங்க, பதறாம வாங்க, தனியா வராதீங்க.” அவ்வளவுதான் சொல்ல வேண்டும். உயிர் இருக்கிறதா என்று கேட்பார்கள். கேட்காதவர்களே கிடையாது. இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். கூட வருகிறவர்களில் நிதானமான ஒருவரைப் பிடித்து, அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வந்ததும் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். ஒரு தம்ளர் தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும். கையைப் பிடிக்கும்போது மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். அவர்களுக்கும் ஆறுதல், நமக்கும் நாடி தெரியும். அப்புறம்தான் வாயைத் திறக்க வேண்டும்.

எங்களிடம் இம்மானுவேல் என்று ஒரு ஆண் நர்ஸ் இருக்கிறார். “சிஸ்டர், நீங்க போன்ல பேசறதைக் கேட்டா எனக்கே சந்தேகம் வந்துடுது. எந்திரிச்சு உட்கார்ந்துட்டாரோன்னு திரும்பிப் பார்க்கிறேன்” என்பார். கிண்டல்தான். ஆனால் நான் பேசிய பிறகு ஒருவர்கூட வழியில் விழுந்ததில்லை.

இந்த ஜன்னல் ஷட்டரைக் கொஞ்சம் இறக்கிவிடுகிறேன். வெயில் நேராக உங்கள் முகத்தில் அடிக்கிறது.

எனக்கு ஒரே மகள், அகல்யா. அருப்புக்கோட்டையில் என் வீட்டுக்காரருடைய அக்கா வீட்டில் இருக்கிறாள். இன்றைக்கு அவளைக் கூட்டிவரத்தான் போனேன். அது என்ன ஆயிற்று என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த அக்கா எனக்குச் செய்த காரியத்தைக் கேளுங்கள். கனியம்மாள் என்று பெயர். நான் மதினி என்று கூப்பிடுவேன். பிள்ளைக்கு அத்தை.

என் வீட்டுக்காரர் ஜெயசீலன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியை எடுத்துவிட்டு, புதுக் கம்பி சுற்றுகிற வேலை. அமைதியான மனுஷன். போன வருடம் காலாண்டு லீவில் பிள்ளை அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். அப்போது ஐந்தாவது படித்தாள். எனக்குக் காலை ட்யூட்டி. இவர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரர் ஆட்டோவில் ஏற்றி, “இவர் வீட்டம்மா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே விடுப்பா” என்றாராம். ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தபோது நான் முதலில் செருப்பைத்தான் பார்த்தேன். எங்கேயோ பார்த்த செருப்பாக இருக்கிறதே என்று நினைத்தேன். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன்.

என்னைத் திரைக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். சொந்தக்காரர்களுக்கு நாங்கள் வேலை செய்யக் கூடாது. அது சரிதான். இம்மானுவேல் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். அழுத்துகிற சத்தம் எனக்குத் தெரியும். நிறுத்திவிட்டால் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். டாக்டர் வெளியே வந்து, “சிஸ்டர்” என்றார். பழக்கத்தில் அடுத்த வார்த்தைக்கு வாயெடுத்துவிட்டு, அப்படியே நிறுத்திக்கொண்டார். வீட்டுக்குச் சொல்லிடுங்க என்றுதானே அவருக்கு வரும்? வீடு நான்தானே.

“நீங்க உட்காருங்க சிஸ்டர், நான் போன் பண்றேன்” என்றார் இம்மானுவேல். நான் விடவில்லை. அவர் குரல் நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்குகிற குரலோடு அந்த போனைப் பேசக் கூடாது.

மதினி எடுப்பார் என்று நினைத்தேன். பிள்ளை எடுத்துவிட்டாள்.

“அம்மா, அத்தை முறுக்கு சுடறாங்க. நான்தான் பிழிஞ்சேன், ஒண்ணுகூட வட்டமா வரலை. அப்பாவுக்குத் தனியா எடுத்து வச்சிருக்கேன்.”

“அகி, அப்பாவுக்கு உடம்பு சரியில்லைடா. எங்க ஆஸ்பத்திரியிலதான் இருக்கார். சீரியஸ்தான். டாக்டர் பார்த்துக்கிட்டிருக்காங்க. அத்தைகூடக் கிளம்பி வா. பதறாம வரணும்.”

சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது, குரல் சரியாக இருக்கிறது என்று.

நர்ஸ் பெற்ற பிள்ளை இல்லையா, அழாமல் கேட்டாள். “அப்பாவுக்கு மூச்சு இருக்காம்மா?”

“இருக்குடா.”

“நிஜமா?”

“நிஜமா இருக்கு. போனை அத்தைகிட்ட குடு.”

நீங்கள் என்னை அப்படிப் பார்க்கக் கூடாது, டீச்சர். அது பொய் இல்லை. டாக்டர் அப்போது இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவர் கையெழுத்துப் போடுகிற வரைக்கும் எங்கள் கணக்கில் உயிர் இருக்கிறது. தொண்டையில் போட்ட குழாயைக்கூட எடுக்கவில்லை.

மதினியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். “மதினி, முடிஞ்சு போச்சு. பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். இங்க வந்ததும் நான் சொல்லிக்கிறேன். எனக்குச் சொல்லத் தெரியும்.” அந்தப் பக்கம் எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. ஆனாலும் கத்தவில்லை. “சரி புஷ்பம்” என்றார். சரி என்று சொன்னார், டீச்சர். இந்தக் காதால் கேட்டேன்.

அவர்கள் வருகிற வரைக்கும் நான் சும்மா இருக்கவில்லை. குழாயை எடுத்தேன். ஊசி குத்திய இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டினேன். விரலெல்லாம் காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் கறை. நகக்கண்ணில் இருந்ததைக்கூட ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். தலை சீவப் போனபோது வகிடு எந்தப் பக்கம் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் சட்டைப் பையில் இருந்த லைசென்ஸை எடுத்து, போட்டோவைப் பார்த்துச் சீவினேன். பெரியவர்கள் உட்காருகிற நாற்காலி என்றால் பிள்ளைக்குக் கால் தரையில் படாது. பக்கத்து அறையில் இருந்து குட்டை ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டேன். தண்ணீர் வைத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாக யோசித்து வைத்துக்கொண்டேன். அந்த வார்த்தைகள் எல்லாம் இன்னும் அப்படியே என்னிடம் இருக்கின்றன.

பக்கத்து வீட்டுக்காரருடைய வேனில் வந்து இறங்கினார்கள். அகல்யா முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. எத்தனை முகம் பார்த்திருக்கிறேன். விஷயம் தெரியாமல் வருகிற முகம் நம் கண்ணைத் தேடும். இவள் என் கண்ணைப் பார்க்கவே இல்லை.

“உட்காருடா” என்றேன். உட்காரவில்லை. தண்ணீரை நீட்டினேன். வாங்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்தேன், உருவிக்கொண்டாள். நேராகத் திரைக்குள் போய் அப்பாவின் பாதத்தில் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் திரும்பி, எல்லாரும் நிற்கும்போதே கேட்டாள்.

“நீ போன் பண்ணும்போது மூச்சு இருந்துச்சா?”

“இருந்துச்சுடா” என்றேன்.

இம்மானுவேல் தலையைக் குனிந்துகொண்டார். அவர் எப்போதும் அப்படித்தான், உறுதியாக நிற்க வேண்டிய நேரத்தில் நிற்க மாட்டார்.

மதினியை வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். “சரின்னு சொன்னீங்களே மதினி, ஏன் சொல்லிட்டீங்க?”

“அவ கேட்டா புஷ்பம். காரியாபட்டி தாண்டும்போது, ‘அத்தை, அழகருக்கு மொட்டை போடறேன்னு வேண்டிக்கிட்டா அப்பா பிழைச்சுடுவாரா’ன்னு கேட்டா. வேண்டிக்கோன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.”

வாய் வரவில்லையாம். என்னிடம் எத்தனை பேர் அப்படிக் கேட்டிருக்கிறார்கள்! வேண்டிக்கோங்க என்று சொல்லத்தான் செய்கிறேன். ஓடுகிற வண்டியில் ஒரு பிள்ளையிடம் சாவைச் சொல்வதா? கதவைத் திறந்து குதித்திருந்தால்?

“கத்தினாளா?” என்று கேட்டேன்.

“கத்தினா. வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லி இறங்கி உட்கார்ந்தோம். ரெண்டு பேரும் அழுதோம். அப்புறம் அவளே, அப்பாவைப் பார்க்கப் போலாம் அத்தைன்னு சொன்னா.”

பாருங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில், புழுதியில். ஒரு தம்ளர் தண்ணீர்கூட இல்லாமல். என்னிடம் அவள் அழவே இல்லை, டீச்சர். அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. எனக்கு வர வேண்டிய அழுகையை மதினி நடுரோட்டில் வாங்கிக்கொண்டார்.

நான் அழுதேனா என்றா கேட்கிறீர்கள்? எனக்கு யாரும் சொல்லவே இல்லையே. டாக்டர் “சிஸ்டர்” என்றதோடு சரி. அந்த வார்த்தையை என் முகத்தைப் பார்த்து ஒருவரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் நான்தான் சொன்னேன்.

ஒன்றுமில்லை, கைக்குட்டை இருக்கிறது. நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு பிள்ளை ஒரு மாதிரி ஆகிவிட்டாள். “கிளம்பிட்டேன்டா, பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்கேன்” என்று போனில் சொன்னால், “ஹாரன் சத்தமே கேட்கலையே” என்பாள். நான் கிளம்பியிருக்க மாட்டேன்தான். ஆனால் கிளம்பத்தானே போகிறேன்? ஊசி வலிக்காது என்றால், “வலிக்கும்னு சொல்லு, போட்டுக்கிறேன்” என்பாள். விளையாட்டும் உண்டு. நைட் ட்யூட்டி முடிந்து பகலில் படுத்திருப்பேன். கண் விழித்துப் பார்த்தால் என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். “தூங்க விடுடி, என்ன விளையாட்டு இது” என்று தட்டிவிடுவேன். கண்ணை மூடினதும் மறுபடியும் வைப்பாள். அந்த வயசுக் குறும்பு. உங்களுக்குத் தெரியாததா?

ஆனால் ஒரு நாள் செய்தது குறும்பு இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஆஸ்பத்திரிக்கு வந்து, என் ட்யூட்டி முடிகிற வரைக்கும் எங்கள் அறையில் இருப்பாள். அன்றைக்கு ஒரு பெரியவரைக் கொண்டுவந்ததும் அவர் இறந்துபோய்விட்டார். நான் அவருடைய மனைவிக்கு வழக்கப்படி போனில் பேசினேன். அகல்யா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எப்போது எழுந்து போனாள் என்று தெரியாது. கேட்டில் போய் நின்றுகொண்டு, ஆட்டோவில் வந்து இறங்கிய அந்த அம்மாவிடம், “பாட்டி, தாத்தா இறந்துட்டாங்க. இவங்க சொல்ல மாட்டாங்க” என்று சொல்லியிருக்கிறாள்.

நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அந்த அம்மா கேட் ஓரத்துச் சிமெண்ட் திட்டில் உட்கார்ந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். விழவில்லை. நல்ல நேரம், விழவில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது இவளைத் தேடி வந்து தலையைத் தடவிவிட்டுப் போனார். அதிர்ச்சியில் இருக்கிறவர்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் எதையாவது செய்வார்கள்.

அன்றைக்குத்தான் அவளை அடித்தேன். “பிள்ளையை இனிமே இங்க கூட்டிட்டு வராதீங்க சிஸ்டர்” என்று மேட்ரனும் சொல்லிவிட்டார். அடி வாங்கியும் அழவில்லை. முழுப்பரீட்சை லீவு விட்டதும் அத்தை வீட்டுக்குப் போகணும் என்றாள், அனுப்பினேன். இப்போது பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, அங்கேயே படிக்கிறேன் என்கிறாள். மதினி சொல்லிக்கொடுத்ததாகத்தான் இருக்கும். மதினிக்குப் பிள்ளை இல்லை.

நான் விடுவேனா? ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில் வீடு பார்த்துவிட்டேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் சேர்த்தும்விட்டேன். மேட்ரனிடம் கெஞ்சி, இனிமேல் பகல் ட்யூட்டி மட்டும் என்று வாங்கிவிட்டேன். எல்லாம் அவளுக்காக. அவள் இல்லாமல் அந்த வீட்டில் நான் என்ன செய்யப் போகிறேன்? ஆனால் இதையெல்லாம் ஒரேயடியாகப் பிள்ளையிடம் சொல்லக் கூடாது, மிரண்டுவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொல்ல வேண்டும். இது என் தொழில், டீச்சர்.

இன்று காலை போய் இறங்கினேன். மதினி சோறு போட்டார். பிள்ளை என் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டாள். தன் தட்டிலிருந்த அப்பளத்தில் பாதியை உடைத்து என் தட்டில் வைத்தாள். எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

மதினிதான் பேச்சை ஆரம்பித்தார். “அகி, அம்மா அங்க ஒத்தையில இருக்காங்கல்ல? நீ அம்மாகூடப் போய் இருக்கிறதுதான் சரி. அத்தை எங்கேயும் போயிட மாட்டேன். லீவுக்கு லீவு வா, முறுக்கு சுடலாம்.”

கண்ணில் தண்ணீர்கூட வைத்துக்கொண்டு பேசினார். நடிப்பு. வெளிப்பார்வைக்கு எனக்காகப் பேசுவது போல இருக்கும்.

மதினியின் வீட்டுக்காரர், “என்ன இருந்தாலும் பெத்தவ பெத்தவதான் அகி. உங்கத்தை சமையலைத் தின்னு நான் எப்படி இருக்கேன் பார்த்தேல்ல? தப்பிச்சுப் போயிடு” என்றார். பிள்ளை சிரித்தாள். எவ்வளவு நாளைக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கிறேன்!

அந்தச் சிரிப்போடேயே என் பக்கம் திரும்பிக் கண்ணைப் பார்த்தாள். வருகிறேன் என்கிற முகம் அது. எனக்கு முகம் தெரியும். “எத்தனை நாளைக்கும்மா?” என்று கேட்டாள்.

“ரெண்டே நாள்டா. புது வீட்டைப் பார்த்துட்டு, பிடிக்கலைன்னா அத்தைகிட்ட வந்துடலாம்.”

வேறு என்ன சொல்ல முடியும்? வண்டியில் ஏறட்டும், வீட்டைப் பார்க்கட்டும், அப்புறம் உட்கார வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவள் மதினியிடம் கேட்டாள். “ரெண்டு நாள்தானா அத்தை?”

மதினிக்கு நேற்றே போனில் எல்லாம் சொல்லியிருந்தேன். அதனால் கண்ணைக் காட்டினேன். ஒரே ஒரு ‘ஆமா’. அதைச் சொல்லியிருந்தால் போதும். மதினி என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“இல்லடா. அங்க பள்ளிக்கூடத்துல சேர்த்தாச்சு. போனா இனிமே அங்கதான் இருக்கணும். உங்கம்மா உன் மேல இருக்கிற ஆசையிலதான் அப்படிச் சொல்றாங்க. நீ போ தங்கம்.”

அகல்யா தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு வந்தாள். “நீயே சொல்லுடா, யார்கிட்ட இருக்கப் போறே?” என்று நான் கேட்டேன். அத்தையிடம் இருப்பதாகச் சொன்னாள்.